செத்துப்போன பிராண்டில் ஒரு நல்ல கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

ஜூன் மாசம் வந்தாலே எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, ஆகஸ்ட்ல எம்.எஸ். பண்ண யு.எஸ். போறேன். கார் வாங்க மூவாயிரம் டாலர்தான் ஒதுக்க முடியும். நடுரோட்டுல நிக்காத கார் எது?" இந்த வருஷமும் ஏழெட்டு பேர் கேட்டாச்சு.

எல்லாருக்கும் நான் அனுப்பும் பதில் ஒன்றுதான்: கொரோல்லா, சிவிக், இல்லைன்னா அதோட சொந்தக்காரங்க யாராவது. ஆனா ஒரு தம்பி விடாம திருப்பிக் கேட்டான். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஏன்ணா? அமெரிக்கால அமெரிக்கக் காரே கிடையாதா?" நல்ல கேள்வி. அதற்கான பதில் ஒரு தறியில் ஆரம்பித்து, கலிஃபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு ஃபேக்டரி வழியாக, கடைசியில் நான் சொல்லாமல் மறைக்கப் பார்த்த ஒரு விஷயத்தில் வந்து முடிகிறது. இன்றைக்கு அந்தக் கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது

2019 ஆகஸ்டில் நான் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு யுனிவர்சிட்டி ஊருக்குப் போய் இறங்கினேன். அமெரிக்கா என்றதும் நியூயார்க் சப்வே மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் பஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகக் கிடையாது. இந்திய மளிகைக் கடை 14 மைல் தள்ளி. அரிசி மூட்டை வாங்கப் போவதற்கே யாராவது சீனியர் மனசு இரங்கணும். அங்கே கார் ஆடம்பரம் இல்லை, செருப்பு மாதிரி.

என் ரூம்மேட் அவசரப்பட்டான். ரோட்டோரம் கொடியெல்லாம் கட்டி வைத்திருந்த ஒரு கடையில், பாலிஷ் போட்டு மினுமினுவென்று நின்ற காரை 3,400 டாலருக்கு வாங்கினான். ரெண்டே மாசத்தில் கியர்பாக்ஸ் போனது. சரி செய்ய 2,800 டாலர் ஆகும் என்றார்கள். கடைக்குப் போய்க் கேட்டதற்கு, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தீங்களா என்று திருப்பிக் கேட்டார்கள். அதில் "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் கிடையாது" என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவன் கையெழுத்தும் இருந்தது. அந்த ஸ்டிக்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வரும்.

அதைப் பார்த்து பயந்துபோய் நான் கடைப் பக்கமே போகவில்லை. எங்கள் தமிழ் ஸ்டூடண்ட்ஸ் வாட்ஸப் குரூப்பில் ரெண்டு கார் விற்பனைக்கு வந்தன. ஒன்று 2007 மாடல் டொயோட்டா கொரோல்லா, 4,200 டாலர். இன்னொன்று அதே 2007 மாடல் பொன்டியாக் வைப், 2,900 டாலர். ரெண்டும் கிட்டத்தட்ட 1,30,000 மைல் ஓடியவை.

பொன்டியாக்கை விற்றவர் திருச்சிக்காரர், டிகிரி முடித்து டெக்சாஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணா, பொன்டியாக்னு ஒரு கம்பெனியே இப்ப இல்லையே. ஜெனரல் மோட்டார்ஸ் 2009ல மூடப்போறதா சொல்லி, அடுத்த வருஷமே மூடிட்டாங்க. செத்துப்போன பிராண்ட எதுக்கு வாங்கணும்?"

அவர் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். "எஞ்சின் நம்பரைப் பாரு தம்பி. 1 இசட் இசட்-எஃப்.ஈ. அந்த கொரோல்லாவைப் போய்த் திற, அதே எஞ்சின்தான் இருக்கும். உள்ள டொயோட்டா, வெளிய பொன்டியாக். செத்தது பேரு மட்டும்தான்." அப்புறம் டாஷ்போர்டுக்கு மேல், கண்ணாடிக்கு அடியில் இருந்த 17 எழுத்து வின் நம்பரைக் காட்டினார். 5-ஒய்-2 என்று ஆரம்பித்தது. "இது கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல செஞ்சது. பல கொரோல்லாவும் அங்கதான் பொறந்துச்சு."

ஒரே மாதிரி எஞ்சின், ஒரே அடித்தளம். பெயர்ப் பலகை வேறு என்பதால் 1,300 டாலர் வித்தியாசம். வாங்கிவிட்டேன். ஆனால் ஏன் இப்படி என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

எங்க ஊர் குமாரபாளையம். விசைத்தறி ஊர். தெருவில் நடந்தால் ரெண்டு பக்கமும் தறிச் சத்தம்தான். எங்க தாத்தா தறி ஓட்டினவர். தறி ஓட்டுறவங்களோட கண்ணு எப்பவும் நூல் மேலேயே இருக்கும். பாவில் ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணி முழுக்க ஒரு கோடு விழும். அவ்வளவும் கழிவு. சத்தத்திலேயே நூல் அறுந்ததைக் கண்டுபிடிப்பார் எங்க தாத்தா.

இதே பிரச்சினையை ஜப்பானில் ஒருத்தர் வேறு மாதிரி தீர்த்தார். பெயர் சாகிச்சி டொயோடா, 1867ல் பிறந்த ஒரு தச்சரின் மகன். வாழ்நாள் முழுக்கத் தறியையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். 1924ல் வந்த அவருடைய 'ஜி' வகைத் தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். மனிதக் கண் பார்க்க வேண்டிய வேலையை இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். அதனால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், அன்றைக்கு ஜவுளி இயந்திரத்தில் பெரிய கை, இந்தத் தறியின் காப்புரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் செய்கிற ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1937ல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆனது. கார் வந்த பிறகும் தறியின் விதி போகவில்லை: தப்பு நடந்தால் நிறுத்து, அதை அடுத்த கைக்குத் தள்ளாதே. ஜப்பானில் இதை ஜிடோகா என்கிறார்கள்.

நம்ம ஐ.டி. ஆட்களுக்கு இது புதுசே இல்லை. டெஸ்ட் ஃபெயில் ஆனால் பில்ட் நிற்கணும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெட்லைன் இருக்கும்போது, ட்ரை-கேட்ச் போட்டு எர்ரரை முழுங்கிவிட்டு அனுப்பாதவர்கள் நம்மில் யார்? கார் கம்பெனிகளும் அப்படித்தான் இருந்தன.

மலை ஏறாத கார், துருப்பிடித்த கார்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கார் ஆரம்பத்திலேயே நல்ல கார் இல்லை. 1957ல் டொயோட்டா அமெரிக்காவில் கடை திறந்து, டொயோபெட் கிரவுன் என்ற காரை இறக்கியது. 1.5 லிட்டர் எஞ்சின். ஜப்பானின் குண்டும் குழியுமான ரோட்டுக்குச் செய்த கனமான வண்டி. அமெரிக்க ஃப்ரீவேயின் வேகத்தில் திணறியது, சூடானது. 1958ல் மொத்தமே 288 வண்டிதான் விற்றது, அதில் ஒன்று லேண்ட் க்ரூஸர். கொஞ்ச காலத்தில் அந்தக் காரை அங்கே அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

திரும்பிப் போய், வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, 1965ல் கொரோனா என்ற காரோடு வந்தார்கள். (ஆமா, பேரு அதேதான். அவங்க என்ன பண்ணுவாங்க?) 1966ல் ஜப்பானில் கொரோல்லா பிறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் தாட்சுவோ ஹசெகாவா, போர்க்காலத்தில் விமானம் வடிவமைத்தவர். எல்லா விஷயத்திலும் 80 மார்க் வாங்கணும், எதிலும் ஃபெயில் ஆகக் கூடாது, அதுக்கு மேல ஏதாவது ஒன்றில் கொஞ்சம் கூடுதல் இருக்கணும் என்பது அவர் கொள்கை. கொரோல்லாவைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை. ஏன் என்று இப்போது புரிகிறதா? அது ஆல் பாஸ் ஸ்டூடண்ட். 1968ல் அமெரிக்கா வந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவின் பதில் என்ன? இங்கேதான் நான் படித்த ஒஹாயோ கதைக்குள் வருகிறது. சின்ன கார் போட்டியைச் சமாளிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1970ல் ஷெவ்ரொலே வேகா என்ற காரைக் கொண்டுவந்தது. செய்த இடம் ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலை. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 1971க்கான சிறந்த கார் என்று விருதே கொடுத்தது. ஆனால் அலுமினிய எஞ்சின் சூடானால் சிக்கல், உடம்பு முழுக்கத் துரு என்று அந்தக் கார் சீக்கிரமே பேர் கெட்டுப்போனது.

லார்ட்ஸ்டவுனில் மணிக்கு 100 கார் வெளியே வரும்படி லைனை ஓட்டினார்கள். மற்ற ஆலைகளில் 60ஐ ஒட்டித்தான் இருந்தது. கணக்குப் போடுங்க: ஒரு தொழிலாளிக்கு ஒரு காரில் 36 வினாடி. 1972 மார்ச்சில் ஸ்டிரைக். தப்போடு போகும் காரைச் சரி செய்ய நேரமே தரவில்லை என்றார்கள் தொழிலாளர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்றது நிர்வாகம். ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், லைனில் இருந்து தப்போடு கார் போகிறது என்பதுதான். அதை நிறுத்தும் அதிகாரம் மட்டும் லைனில் நின்றவன் கையில் இல்லை. நான் ஒஹாயோ போய் இறங்குவதற்குச் சில மாதம் முன்னால், 2019 மார்ச்சில், அந்த ஆலையில் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் 1973 அக்டோபர். அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பீப்பாய் மூணு டாலர் இருந்த கச்சா எண்ணெய், சில மாதத்தில் பன்னிரண்டை நெருங்கியது. பங்க்குகளில் மைல் கணக்கில் வரிசை. பல இடங்களில் ஒற்றைப்படை நம்பர் பிளேட்டுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு ஒரு நாள் பெட்ரோல். பெரிய எட்டு சிலிண்டர் கார் வைத்திருந்த குடும்பங்கள் முதல்முறையாகச் சின்னக் காரைத் திரும்பிப் பார்த்தன.

இன்னொரு பக்கம் 1970ல் வந்த தூய காற்றுச் சட்டம். 1975க்குள் புதுக் காரின் புகையில் முக்கியமான நச்சுகளை 90 சதவீதம் குறைக்கணும் என்றது. முடியவே முடியாது என்று டெட்ராய்ட் கம்பெனிகள் வாஷிங்டனில் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஹோண்டா 1972ல் சி.வி.சி.சி. என்ற எஞ்சினைக் காட்டியது. பெரிய எரி அறைக்கு முன்னால் ஒரு குட்டி அறை. அதில் பெட்ரோல் செறிவாக உள்ள கலவையைப் பற்ற வைத்தால், அந்தத் தீ பெரிய அறையின் மெலிந்த கலவையைச் சுத்தமாக எரித்துவிடும். புகைக்குழாயில் கேடலிடிக் கன்வர்ட்டர் வைக்காமலே சட்டத்தின் அளவுக்குள் வந்தது. 1975 மாடல் சிவிக்கில் அது அமெரிக்கத் தெருவுக்கு வந்தது.

வேலியும் கயிறும்

1979ல் ஈரான் புரட்சி, ரெண்டாவது எண்ணெய் அடி. ஜப்பான் கார்கள் குவிந்தன, டெட்ராய்ட்டில் வேலை போனது. 1981ல் அமெரிக்க அழுத்தத்தால் ஜப்பான் ஒரு வரம்புக்கு ஒப்புக்கொண்டது: வருடத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்தான் அனுப்புவோம். எண்ணிக்கைக்கு வரம்பு என்றதும் விலை ஏறியது. ஒவ்வொரு காரிலும் அதிகம் சம்பாதிக்கும் விலை உயர்ந்த மாடல்களுக்கும் ஜப்பான் நகர்ந்தது. அக்யூரா, லெக்சஸ் எல்லாம் அந்தப் பத்தாண்டில் பிறந்தவைதான்.

இன்னொரு வழி, வேலிக்கு உள்ளேயே கார் செய்வது. 1982 நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் ஹோண்டா அக்கார்ட் வெளியே வந்தது, ஜப்பான் கம்பெனி ஒன்று அமெரிக்க மண்ணில் செய்த முதல் கார். வேகா பிறந்த அதே மாநிலம். ஒஹாயோ தொழிலாளிக்கு நல்ல கார் செய்யத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

டொயோட்டா இன்னும் விசித்திரமான காரியம் செய்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்று 1982ல் மூடப்பட்டிருந்தது. லீவு, சண்டை, மோசமான தரம் என்று அதற்கு ஏகப்பட்ட கெட்ட பேர். ரெண்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, அதை 1984ல் 'நம்மி' என்ற பெயரில் திறந்தார்கள். (நம்ம ஊர் ஆள் வெச்ச பேர் மாதிரியே இருக்கு, இல்ல?) வேலைக்கு எடுத்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அதே பழைய ஆட்கள். அதே யூனியன்.

மாறியது என்ன? லைனில் ஒரு கயிறு. ஆண்டான் கயிறு என்பார்கள். தப்பைப் பார்க்கும் யாரும் இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், சரி செய்ய முடிந்தால் லைன் தொடரும், இல்லையென்றால் நிற்கும். அதற்கு முன் அதே கட்டிடத்தில் லைனை நிறுத்துவது மகா பாவம். எஞ்சின் மாறி வந்தாலும் கார் நகரணும், பின்னாடி பார்த்துக்கலாம். இப்போதோ கயிறை இழுத்தவனைத் திட்டாமல், பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்த கார்களோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தது. சாகிச்சியின் தறியேதான், நூலுக்குப் பதில் கயிறு.

கூட்டாளி இருந்தும் ஜெனரல் மோட்டார்ஸால் இதைத் தன் மற்ற ஆலைகளுக்கு எளிதாகக் கொண்டுபோக முடியவில்லை. கயிறைக் கட்டுவது சுலபம். இழுத்தவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது என்று அவனை நம்பவைப்பதுதான் கஷ்டம்.

நம்மியில் ஒரே லைனில் டொயோட்டா கொரோல்லாவும் ஜியோ பிரிஸமும் வந்தன. பிரிஸம் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் பேட்ஜ் போட்ட கொரோல்லா, அவ்வளவுதான். ஆனால் பழைய கார் சந்தையில் பிரிஸம் விலை குறைவு. அதற்குப் பிறகு வந்த வாரிசுதான் என் பொன்டியாக் வைப். விவரம் தெரிந்த மாணவர்கள் முப்பது வருஷமாக இந்த வித்தியாசத்தில்தான் காசு மிச்சம் பிடித்தார்கள். 2010ல் நம்மி மூடியது. இன்று அந்தக் கட்டிடத்தில் டெஸ்லா ஓடுகிறது.

எலுமிச்சம்பழமும் ஸ்டிக்கரும்

ஒரே காருக்கு ஏன் ரெண்டு விலை? இதற்குப் பதில் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1970ல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற இளம் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டைக் காருக்கு லெமன், அதாவது எலுமிச்சை என்று பெயர். அவர் சொன்னது இது: காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எதற்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான். நல்ல கார் சந்தையை விட்டு வெளியேறும், சராசரி இன்னும் இறங்கும், கடைசியில் எலுமிச்சைகள் மட்டும் மிஞ்சும். மூன்று பத்திரிகைகள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001ல் இதற்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

டொயோட்டா என்ற பெயருக்கு ஏன் கூடுதல் காசு? உள்ளே பார்க்க முடியாதவன், பெயரை நம்பிக் கொடுக்கும் காசு அது. பானெட்டைத் திறந்து காட்ட ஒரு திருச்சி அண்ணன் இருந்தால் அந்தக் காசு மிச்சம்.

சட்டமும் முயன்று பார்த்தது. 1972ல் ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பது நாடு முழுக்கக் குற்றம் ஆனது. 1982ல் கனெக்டிகட் மாநிலம் முதல் எலுமிச்சைச் சட்டம் போட்டது, ஆனால் அது புதுக் கார் வாங்குபவர்களுக்கு. பழைய காருக்கு? இங்கேதான் என் ரூம்மேட்டின் ஸ்டிக்கர் வருகிறது.

மத்திய வர்த்தக ஆணையம் 1981ல் ஒரு விதி கொண்டுவந்தது. பழைய கார் வியாபாரி தனக்குத் தெரிந்த பெரிய குறைகளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டணும். வியாபாரிகள் கொதித்தார்கள். 1982ல் காங்கிரஸ் அந்த விதியையே ரத்து செய்து வாக்களித்தது. அப்படி ரத்து செய்ய காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்று 1983ல் வழக்கு முடிந்தது. ஆனால் ஆணையம் விதியைத் திரும்ப எடுத்துப் பார்த்து, 1984ல் அந்த ஒரு பகுதியை நீக்கிவிட்டது. 1985ல் ஸ்டிக்கர் வந்தது. உத்தரவாதம் உண்டா இல்லையா என்று அதில் இருக்கும். வியாபாரிக்குத் தெரிந்த குறையை அதில் எழுதச் சொல்லும் கட்டாயம் மட்டும் போய்விட்டது. தனிநபர் விற்றால் அந்த ஸ்டிக்கரும் தேவையில்லை.

என் கையில் இருந்த கயிறு

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2021 ஜனவரி. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ். பிரேக் அடித்தேன், வண்டி வழுக்கிக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தின் கான்கிரீட் அடியில் மோதியது. வலது முன்பக்கம் நசுங்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் வளைந்துபோனது. முழுக்க என் தப்பு, அந்த ஐஸில் அவ்வளவு வேகம் கூடாது. என் இன்ஷூரன்ஸ் அடுத்தவர் சேதத்துக்கு மட்டும்தான். எனவே க்ளெய்ம் கிடையாது. ஒரு சின்ன கராஜில் 640 டாலர் பணமாகக் கொடுத்து, பழைய பாகம் போட்டுச் சரி செய்தேன். விபத்து எந்த ரெக்கார்டிலும் ஏறவில்லை.

அந்த ஜூனில் டிகிரி முடிந்து காரை விற்பனைக்குப் போட்டேன். சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காமல், பழைய கார் விலை ஒரே வருடத்தில் 45 சதவீதம் ஏறியிருந்த நேரம். 2,900க்கு வாங்கிய கார், ரெண்டு வருஷம் ஓட்டிய பிறகு 3,800 என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒரு ஜூனியர் கூப்பிட்டான். மதுரைக்காரன், வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. போனில் கார் ஹிஸ்டரி ரிப்போர்ட்டோடு நேரில் வந்தான். "அண்ணா, ரிப்போர்ட் க்ளீன்ணா. ஆக்சிடென்ட் ஒண்ணும் காட்டல."

"ஆமாடா, க்ளீன்தான்," என்றேன்.

பொய் இல்லை பாருங்க. ரிப்போர்ட் க்ளீன்தான். அவன் 200 டாலர் அட்வான்ஸ் அனுப்பிவிட்டுப் போனான். போகும்போது, "நீங்க நம்ம ஊர்க்காரர், அதான்ணா தைரியமா வாங்குறேன்," என்றான்.

அந்த வாரம்தான் வேலை இன்டர்வியூவுக்காக டெவ்ஆப்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஆண்டான் கயிறு பற்றி ஒரு அத்தியாயம். ஃப்ரீமான்ட் பெயரைப் பார்த்ததும் என் காரின் ஊராச்சே என்று உற்சாகமாகப் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் முடியவில்லை. இது ஏதோ மகாத்மா கணம் எல்லாம் இல்லை. 3,800 டாலரை டெபாசிட்டுக்கு ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க மனசுக்குள்ளே வாதாடினேன்: சரி பண்ணியாச்சு, வண்டி நல்லா ஓடுது, அவனும் கேட்கலை. ஆனால் அவன் கேட்டான். நான்தான் ரிப்போர்ட்டைப் பற்றிப் பதில் சொன்னேன்.

காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன். தேதி, எங்கே இடித்தேன், என்ன பாகம் மாற்றினேன், எவ்வளவு செலவு, எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நேத்தே ஏன்ணா சொல்லல?"

பதில் இல்லை என்னிடம். "சாரிடா. வேணாம்னா அட்வான்ஸ இப்பவே அனுப்பிடுறேன். வேணும்னா நீயே ஒரு மெக்கானிக்க பிடிச்சு காட்டு, அந்தக் காசை நான் தரேன்," என்றேன்.

அவன் காட்டினான். நான் மாற்றிய பாகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மெக்கானிக் இடது பக்கத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்: ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அது முழுசாக விட்டுப்போனால் ஓடும்போதே சக்கரம் கட்டுப்பாட்டை இழக்கும். எனக்கே தெரியாது. அந்தக் காரில் நான் வாரம் ரெண்டு தடவை ஹைவேயில் 65 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் மெக்கானிக்கிடம் போயிருக்க மாட்டான். அடுத்த பனிக்காலத்தில் அவன்தான் அதில் இருந்திருப்பான்.

அதைச் சரி செய்து, 3,300க்குக் கொடுத்தேன். 500 டாலர் வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மெசேஜ் அனுப்பின தம்பிகளுக்கு

மாடல் லிஸ்ட் கேட்டீங்க. கொரோல்லா, சிவிக் பாருங்க, பிரிஸம், வைப் மாதிரி வேறு பேர் போட்ட சொந்தக்காரர்கள் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் பாருங்க. ஆனால் இத்தனை வயசான காரில், ஆலை கொடுத்த தரத்தைவிட அதை வைத்திருந்தவர்கள் செய்தது முக்கியம். அதனால்:

வின் நம்பரை வாங்கி ரிப்போர்ட் பாருங்க, ஆனால் அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்பாதீங்க. என் கார்தான் சாட்சி. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. சர்வீஸ் பில் கேளுங்க. விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் நூறு, நூற்றைம்பது டாலர் கொடுத்துக் காட்டுங்க, மூவாயிரத்தில் இந்தக் காசுதான் உருப்படியான செலவு. மெக்கானிக்கிடம் காட்டக் கூடாது என்று சொல்பவரிடம் வாங்காதீங்க. அப்புறம், "ரிப்போர்ட் க்ளீனா?" என்று கேட்காதீங்க. "இந்தக் காருக்கு உங்க கையில என்னென்ன ஆச்சு?" என்று கேளுங்க. அதற்கு நழுவிப் பதில் சொல்வது கஷ்டம். அனுபவத்தில் சொல்றேன்.

திருச்சி அண்ணன் எனக்குக் காரோடு ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றின பில்லும் தேதிவாரியாக இருக்கும். மதுரைத் தம்பிக்கு அதைக் கொடுக்கும் முன், ஒரு தாளில் "ஜனவரி 2021, வலது முன்பக்கம், ஐஸ்ல நான் இடிச்சது" என்று எழுதி உள்ளே வைத்தேன். போன வருஷம் அவனும் காரை விற்றுவிட்டான். விற்ற அன்றைக்கு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான்: அதே நீல ஃபைல், என் தாளுக்குப் பின்னால் அவன் கையெழுத்தில் இன்னும் ரெண்டு தாள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கார் வாங்கிட்டா போட்டோ அனுப்புங்க. முதல்ல பானெட்டைத் திறந்து எடுங்க.